கோபால் சொன்ன கதை

(மலேசியாவில் உள்ள லகாட்டில் நடந்த வாசகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 ஜூலை 14ஆம் தேதி நடிகை சரோஜாதேவி அம்மையார் பெங்களூரில் காலமானார். செய்தி வந்த அன்று இரவு இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் அவருடைய பழைய படம் ஏதாவது ஒன்று ஓடியிருக்கும். எங்கள் வீட்டில் ஓடியது 'புதிய பறவை'. எனக்கு அந்தப் படம் மனப்பாடம். அடுத்து யார் கதவைத் திறந்துகொண்டு வருவார் என்பதுகூடத் தெரியும். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மர்மப் படம் என்றால் மர்மம் தெரிந்தவுடன் முடிந்துபோக வேண்டும் அல்லவா? முடிச்சு அவிழ்ந்த பிறகும் ஒரு படம் ஏன் நம்மைப் பிடித்து வைக்கிறது? இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

பேச்சுக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. படத்தின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படம் வந்து 60 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் பார்க்காத பிள்ளைகள் இருந்தால், வெளியே தேநீர் வைத்திருக்கிறார்கள், போய்க் குடித்துவிட்டு வரலாம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சரி.

'புதிய பறவை' 1964 செப்டம்பர் 12 அன்று வெளிவந்தது. சிவாஜி பிலிம்ஸ் தயாரிப்பு, தாதா மிராசி இயக்கம், ஆரூர்தாஸ் வசனம், கண்ணதாசன் பாடல்கள், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. அந்த ஆண்டு தொடக்கத்தில் 'கர்ணன்', நவம்பரில் 'நவராத்திரி'. ஒரே ஆண்டில் கவச குண்டலத்தோடு ஒருவராகவும், ஒன்பது வேடத்தில் ஒன்பது பேராகவும் வந்த சிவாஜி, இடையில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சிங்கப்பூர்ப் பணக்காரர் கோபாலாக வந்தார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பலில் கோபால், லதாவையும் அவள் அப்பா ராமதுரையையும் சந்திக்கிறார். லதா சரோஜாதேவி, அப்பா வி.கே.ராமசாமி. பழக்கம் காதலாகிறது. அவர்கள் கோபாலின் பங்களாவிலேயே வந்து தங்குகிறார்கள். ரயிலைக் கண்டால் கோபாலுக்கு உடம்பு நடுங்குகிறது. லதா காரணம் கேட்கிறாள். கோபால் தன் முதல் மனைவி சித்ராவின் கதையைச் சொல்கிறார். அவள் சிங்கப்பூரில் ஒரு கிளப்பில் பாடியவள், குடிப்பவள், குடும்பத்துக்கு அடங்காதவள். கடைசியில் தண்டவாளத்தில் உயிரை விட்டாள். லதா இரங்குகிறாள். நிச்சயம் நடக்கும் நேரத்தில், மாமா ரங்கனாக வரும் எம்.ஆர்.ராதாவோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள். நான்தான் சித்ரா என்கிறாள். சௌகார் ஜானகி! இவள் என் மனைவி இல்லை என்று கோபால் கத்துகிறார். கேட்பார் இல்லை. கடைசியில் மனம் உடைந்து உண்மையைக் கொட்டுகிறார்: நான் அறைந்ததில் அவள் செத்துப்போனாள், பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டது நான்தான். உடனே ராமதுரை, மாமா ரங்கன், போலிச் சித்ரா எல்லோரும் போலீஸ் என்று தெரிகிறது. லதாவும் போலீஸ்தான். நாடகம் நடத்தியது வாக்குமூலம் வாங்குவதற்காக.

இந்தக் கதை கடல் கடந்து வந்தது. 1958இல் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கத்தில் 'சேஸ் எ குரூக்கட் ஷாடோ' என்று ஒரு பிரிட்டிஷ் படம் வந்தது. ஸ்பெயின் கடற்கரையில் ஒரு மாளிகை, அதில் ஆன் பாக்ஸ்டர். இறந்துபோன அண்ணன் நான்தான் என்று ஒருவன் வந்து நிற்கிறான். 1963இல் வங்காளத்தில் அதை 'சேஷ் அங்க' என்று எடுத்தார்கள். உத்தம்குமார், ஷர்மிளா தாகூர் நடித்தார்கள். அண்ணன் போய் மனைவி வந்தது அங்கேதான். அடுத்த ஆண்டே தமிழுக்கு வந்தது. எங்கிருந்தோ எடுத்தது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. தமிழுக்கு வரும்போது கதை சிங்கப்பூர் வழியாக வந்தது. அதனால் அது நம் வீட்டு வாசலையும் தொட்டுவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்டு 9 வரை சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். 'புதிய பறவை' வெளிவந்த நாளில் கோபாலின் சிங்கப்பூர் நம் நாட்டுக்குள் இருந்தது. கோபால் நம் நாட்டுக்காரர், லதா துப்புத் துலக்கியது நம் நாட்டு வழக்கு! இன்னொன்று. 1964 ஜூலையிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் இனக்கலவரம் மூண்டது, ஊரடங்கு போட்டார்கள். சென்னைக் கொட்டகையில் ரசிகர்கள் சிங்கப்பூரை விளக்கலங்காரமும் கிளப்புப் பாட்டுமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், உண்மையான சிங்கப்பூரில் ஜனங்கள் இருட்டுமுன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அந்தக் கப்பல். கோபாலும் லதாவும் மேல்தளத்தில் காற்று வாங்குகிறார்கள், பாடுகிறார்கள். நம் தாத்தா பாட்டிமாருக்குக் கப்பல் என்றால் ரஜுலா. 1926இல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நம்மவர்கள் வந்தது டெக் பயணிகளாக. பாயும் தகர டிரங்கும் ஊறுகாய் ஜாடியும் கூட்டமுமாக வந்தார்கள். மேதின ஊர்வலம் மாதிரி நெருக்கம், காற்றுக்கு மட்டும் பஞ்சமில்லை என்று ஒரு பெரியவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். கோபாலின் சிங்கப்பூரில் தொழிலாளி என்று ஒருவரும் கிடையாது. பால்மரம் வெட்டுகிறவர் இல்லை, ஈயக்குட்டையில் இறங்குகிறவர் இல்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் இல்லை. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லவே இல்லை. அதையும் ஒரு மர்மம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் இடமில்லாவிட்டால் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவோம். அங்கே எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும், எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி ஓடும், யாருக்கும் கவலையில்லை. அப்புறம் தொலைக்காட்சி வந்தது. நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது 1978 டிசம்பரில்தான். ஈஸ்ட்மென் கலரில் எடுத்த படங்களை நாம் கறுப்பு வெள்ளையில் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொன்ன காலம் அது.

1980களில் வீடியோ வந்தது. தோட்டத்து லைன் வீடுகளில் ஒன்றில் வாங்கினால் போதும், பத்து வீட்டுக்காரர்கள் வாசலில் செருப்பு விடுவார்கள். டேப் வாடகைக்கு எடுத்து வருவோம். திரும்பக் கொடுக்கும்போது ஆரம்பத்துக்கே சுற்றி வைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் முறைப்பார். அந்த டேப்பில் 'புதிய பறவை'யின் நிறம் எப்படி இருக்கும் தெரியுமா? எல்லாம் இளஞ்சிவப்பு. சிவாஜியின் முகம் ரோஜாப்பூ, மலை ரோஜாப்பூ, கடலும் ரோஜாப்பூ. அந்தக் காலத்து ஈஸ்ட்மென் கலர்ப் பிரதிகளில் நீலச் சாயம் முதலில் வெளுத்துவிடும், சிவப்பு மட்டும் மிஞ்சும். பழைய பிரதியிலிருந்து டேப்புக்கு மாற்றினால் அந்தக் கோலத்தோடுதான் வரும். படமே அப்படித்தான் எடுத்தார்கள் என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். பிறகு விசிடி. ஒரு தட்டில் 74 நிமிடம், மிஞ்சினால் 80 நிமிடம்தான் அடங்கும். அதனால் ஒரு படம் இரண்டு மூன்று தட்டாக உடையும். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய எங்கள் வீட்டு விசிடியில், நிச்சயத்தில் வந்து நிற்கும் சித்ராவை எல்லோரும் திரும்பிப் பார்க்கும் நேரமாகப் பார்த்து முதல் தட்டு முடியும். இடைவேளை எங்கே விட வேண்டும் என்று தாதா மிராசிக்குத் தெரிந்ததைவிட அந்தத் தட்டு அடித்தவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

கொட்டகையில் படம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் நாம் படத்தை இழுத்துப் பிடிக்கலாம். நிறுத்தலாம், திரும்பச் சுற்றலாம். மர்மப் படத்துக்கு இது பெரிய வித்தியாசம். முடிவு தெரிந்த பிறகு ஆரம்பத்துக்குப் போய், "அப்போது இவள் முகம் எப்படி இருந்தது?" என்று பார்க்கலாம். கையும் களவுமாகப் பிடிக்கலாம். நான் அதைத்தான் செய்தேன்.

முதலில் கோபாலைப் பார்த்தேன். ரயில் வரும்போது அவர் நடுங்குகிறாரே, முதல் தடவை பார்க்கும்போது அது துக்கம்: பாவம், மனைவியைத் தண்டவாளத்தில் பறிகொடுத்தவர். இரண்டாம் தடவை அதே நடுக்கம் குற்றம். ஒரு விரல்கூட மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம். ஒரே முகம் இரண்டு கதைக்கும் பொருந்த வேண்டும், முன்கூட்டிக் காட்டியும் கொடுக்கக் கூடாது, பின்னால் ஏமாற்றியது போலவும் இருக்கக் கூடாது. சிவாஜி மிகையாக நடிப்பார் என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் படத்தை வைத்து நான் பதில் சொல்வேன். கோபாலே நடிக்கிறவன்தான். நல்லவனாக, காதலனாக, மனைவியை இழந்து தவிப்பவனாக அவன் இரவும் பகலும் நடித்துக்கொண்டிருக்கிறான். அந்த மிகை கோபாலுடையது. 'எங்கே நிம்மதி' பாட்டில் டி.எம்.எஸ். குரல் அலறும்போது மட்டும்தான் அவன் நடிப்பதை நிறுத்துகிறான்.

அப்புறம் பாட்டுகள். 'உன்னை ஒன்று கேட்பேன்' என்று சுசீலா குரலில் லதா பாடுகிறாள். முதல் தடவை அது காதல் பாட்டு. லதா யார் என்று தெரிந்த பிறகு கேளுங்கள், அது விசாரணை! 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்று சித்ரா கிளப்பில் பாடுகிறாள். அதே மெட்டு பின்னால் சோகமாகத் திரும்பி வருகிறது. கோபாலின் வீட்டுக்குள் நுழைந்த அந்தப் போலிப் பெண் படம் முழுக்கக் கோபாலிடம் கேட்பதும் அதே கேள்விதான். குற்றப்பத்திரிகையைக் கண்ணதாசன் பாட்டுக்குள் வைத்துத் தைத்துவிட்டார். நாம் தாளம் போட்டுக்கொண்டு கேட்டோம்.

லதாவைத்தான் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவள், கடமைக்காக நடிக்க வந்தேன், ஆனால் உண்மையாகவே உங்களைக் காதலித்துவிட்டேன் என்கிறாள். எப்போது? கப்பலிலா? பங்களாவிலா? கோபால் அழுதபோதா? சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "கோப்பால்" என்று சரோஜாதேவி இழுத்துக் கூப்பிடுவதை எல்லோரும் பலகுரல் செய்து சிரிக்கிறோம். அந்த இழுப்பு கொஞ்சலா, தூண்டிலா? நடிப்பு எங்கே முடிந்து காதல் எங்கே தொடங்கியது என்று ஒரு காட்சியைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. சரோஜாதேவி அம்மையாரைக் கொஞ்சும் பொம்மை என்று எழுதித் தள்ளியவர்கள் இந்தப் படத்தை ஒரு தடவைதான் பார்த்திருக்க வேண்டும். சிவாஜியின் ஆர்ப்பாட்டத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சத்தமில்லாமல் அதைவிடக் கடினமான வேலையைச் செய்தவர் அவர்.

1958இல் ஹிட்ச்காக் 'வெர்டிகோ' எடுத்தார். அதிலும் ஒரு பெண் இன்னொருத்தியாக நடிக்கிறாள், நடித்த இடத்தில் காதலில் விழுகிறாள். ஹிட்ச்காக் அந்த இரகசியத்தைப் படம் முடிவதற்கு வெகுமுன்பே நமக்குச் சொல்லிவிடுகிறார். மீதிப் படம் முழுக்க நாம் அவள் பக்கம் நின்று தவிக்கிறோம். தாதா மிராசி கடைசி நிமிடம்வரை மூடி வைத்தார். அதனால் லதாவோடு தவிக்க நமக்கு முதல் தடவை வாய்ப்பே கிடைக்கவில்லை. வீட்டில் திரும்பப் போட்டுப் பார்க்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும்.

வக்கீல்கள் யாராவது இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு சந்தேகம். 2024 வரை நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்றது. நான்கு போலீஸ்காரர்கள் மாதக்கணக்கில் நடித்து, ஒருத்தி காதலையும் பறிகொடுத்து வாங்கிய வாக்குமூலம் இந்திய நீதிமன்றத்தில் நின்றிருக்குமா? குற்றம் நடந்தது சிங்கப்பூரில் என்பதால் லதா தப்பித்தாள் என்று வைத்துக்கொள்வோம்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது. இனிச் சொல்லப்போவது என் அம்மா கண்டுபிடித்தது.

வீடியோ காலத்தில் ஒருநாள் எங்கள் வீட்டில் இந்தப் படம் ஓடுகிறது. வாசல் வரைக்கும் ஆட்கள். கோபால் சித்ராவை அறைகிற இடம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், "குடிச்சிட்டு வந்து ஆடுனா அடிக்காம கொஞ்சுவாங்களா?" நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார், "நம்ம லைன்ல கள்ளுக்கடையிலிருந்து ஆடிக்கிட்டு வர்ற ஆம்பளைங்கள நாம எத்தன பேரு அடிச்சிருக்கோம்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் படத்தைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா விடவில்லை. "டேய், அத இன்னொரு தடவ போடு" என்றார். சுற்றிப் போட்டேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவ எப்படிப்பட்டவன்னு இவன்தான சொல்றான். செத்தவ வந்து சொல்லலியே."

சபையோரே, தமிழ் சினிமா பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்த வாக்கியம் இல்லை. அம்மா சொன்னதை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பாருங்கள். சித்ரா கிளப்பில் ஆடினாள், குடித்தாள், அவளால் மாமனார் நெஞ்சு வெடித்துச் செத்தார், வீட்டை விட்டுப் போகத் துணிந்தாள். இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? கோபால் லதாவிடம் சொல்கிறான், திரை அதைக் காட்டுகிறது. அறைந்தேன், அவளுக்கு இதயம் பலவீனம், செத்துவிட்டாள் என்பதும் கோபால் சொன்னதுதான். முதல் கதையில் அவன் ஒரு பெரிய பொய்யைச் சொருகியிருக்கிறான் என்று படமே ஒப்புக்கொள்கிறது. தண்டவாளத் தற்கொலை பொய் என்றால், மீதி மட்டும் எப்படி சத்தியவாக்கு ஆனது? தான் மணக்க நினைக்கும் பெண்ணிடம் ஒருவன் தன் பழைய மனைவியைப் பற்றி நல்லதாகவா சொல்வான்? சினிமாவில் பின்கதை ஓடத் தொடங்கினால் நாம் அதைக் கண்ணால் கண்டதாக எடுத்துக்கொள்கிறோம். அது ஒருவன் வாயால் சொன்னது என்பதை மறந்துவிடுகிறோம்.

சௌகார் ஜானகியின் வேலை இப்போதுதான் புரிகிறது. அதுவரை கண்ணீர்ப் பாத்திரங்களிலேயே பார்த்த அவரை, கிளப்புப் பாடகியாகக் கொண்டு வந்தார்கள். அவர் இந்தப் படத்தில் மூன்று பேர். கோபாலின் நினைவில் இருக்கும் சித்ரா, சித்ராவாக நடிக்கும் போலீஸ்காரி, கடைசியில் வேடம் கலைத்து நிற்கும் போலீஸ்காரி. நாலாவதாக ஒருத்தி இருக்கிறாள், உண்மையான சித்ரா. அவளை ஒருவரும் நடிக்கவில்லை. படத்தில் அவள் வரவே இல்லை. மலாயாப் போலீஸில் இருந்த அவள் அண்ணன் தங்கையின் சாவை நம்பாமல் விடாப்பிடியாக நின்றதால்தான் வழக்கே கிளம்பியது. அவளை நன்றாக அறிந்த ஒருவன், அவளுக்காக நின்றிருக்கிறான். அந்த அண்ணனிடம் கேட்டிருந்தால் வேறொரு சித்ரா கிடைத்திருப்பாளோ என்னவோ.

படத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1964இல் நாகரிகப் பெண் என்றால் திரையில் அவள் சாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டே இவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: செத்தவளுக்காக ஒரு போலீஸ் படையையே வீட்டுக்குள் அனுப்பினார்கள். அடித்தவன் சிவாஜியாகவே இருந்தாலும் கடைசியில் கை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. கதாநாயகன் குற்றவாளி என்று சொல்ல, அவரே தயாரித்த படத்தில், துணிச்சல் வேண்டும். 1954இல் 'அந்த நாள்' படத்தில் தேசத் துரோகியாகச் சுடப்பட்டுச் சாக ஒப்புக்கொண்டவர் அவர். அந்தத் துணிச்சல் பத்து வருடம் கழித்தும் போகவில்லை. இன்றைய நட்சத்திரங்களில் எத்தனை பேர் செய்வார்கள் என்று உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

ஆனாலும் முடிவில் நம் கண்ணீர் கோபாலுக்குத்தான் போகிறது. இசையும், வெளிச்சமும், லதாவின் காதலும் சேர்ந்து அவனுக்காக நம்மை அழவைக்கின்றன. சித்ராவுக்காக யாரும் அழவில்லை. கொட்டகையில் அதைக் கவனிக்க நேரமில்லை. விளக்குப் போட்டுவிடுவார்கள், சைக்கிளை எடுக்க ஓட வேண்டும். வீட்டில் அப்படி இல்லை. வெற்றிலை மடிக்கும் ஓர் அம்மா, "இன்னொரு தடவ போடு" என்று சொல்ல முடிகிறது. எனக்கு வீடியோவால் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இந்தப் படத்தைப் போடுங்கள். இப்போது நிறம் சரியாக உள்ள பிரதி கிடைக்கிறது, கடல் நீலமாகவே தெரியும். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தயவுசெய்து முடிவை முன்கூட்டிச் சொல்லாதீர்கள், "பாரு பாரு, இப்ப வருவா பாரு" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். படம் முடிந்ததும் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சித்ரா கெட்டவள் என்று உனக்கு யார் சொன்னது? என்ன பதில் வருகிறது என்று அடுத்த சந்திப்பில் என்னிடம் வந்து சொல்லுங்கள்.